டயகமவில் நான் நடுநிலை வகித்த ஐந்து நாட்கள்

கயல், முகில் இருவருக்கும்,

இலங்கையிலிருந்து திரும்பிப் பத்து நாளாகிறது. "என்னப்பா பார்த்தீங்க?" என்று தினமும் கேட்கிறீர்கள். நானும் "மலை, தேயிலை, குளிர்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள், தான் வராத ஊரைப் பற்றியும். அதனால் எழுதிவிடுகிறேன். அம்மாவும் படிக்கலாம். ரொட்டி வரும் இடங்களை மட்டும் அவள் தாண்டிப் போனால் நல்லது. எனக்குச் சர்க்கரை இருப்பது என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் ஒரு சண்டை போட்டீர்கள். கயலுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. மனிதனுக்குப் பகுத்தறிவு எதற்கு என்பது தலைப்பு. "எந்தப் பக்கமும் சாயாமல் உள்ளதை உள்ளபடி பார்ப்பதற்கு" என்று கயல் எழுதி வைத்திருந்தாள். முகில் அதைப் படித்துவிட்டு, "அதெல்லாம் இல்ல, தனக்கு எது நல்லதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துக்கிறதுக்கு" என்று சொல்லி, சொன்ன கையோடு தட்டில் இருந்த பெரிய வடையை எடுத்துக்கொண்டான். என்னிடம் நியாயம் கேட்டீர்கள். நான் கயல் பக்கம் பேசினேன். இருபத்திரண்டு வருடமாகச் சர்வேயரிடம் டேப் பிடிக்கிறவன் வேறு என்ன சொல்வேன்? டேப்புக்குச் சொந்தபந்தம் கிடையாது, அது காட்டுவதுதான் அளவு என்றேன். அதை இப்போது அதே தைரியத்தோடு என்னால் சொல்ல முடியவில்லை.

நான் போன காரணம் என் சித்தியின் முதல் வருடத் திவசம். உங்கள் தாத்தா சின்ன வயதில் இந்தியா வந்துவிட்டார், அவருடைய தம்பி அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் தங்கிவிட்டார். சித்தப்பா இறந்து பல வருடமாகிறது. இப்போது சித்தியும் இல்லை. மகன் சிவலிங்கம், மகள் பாக்கியம் இருவரும் டயகமவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். லயம் என்றால் நம் ஊர் லைன் வீடு மாதிரி, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடும்பம். சித்தி போனதிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. "திவசத்துல பெரியவனா நில்லு. அப்படியே அதுங்க ரெண்டையும் பேச வெச்சிட்டு வா" என்று தாத்தா சொல்லி அனுப்பினார்.

முதல் நாள். ரயிலில் ஒருவர் கூடையில் வடை கொண்டுவந்தார். ஒவ்வொரு வடையின் மேலும் ஓர் இறால், மீசையோடு உட்கார்ந்திருந்தது. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் போல என்று எடுத்து ஓரமாக வைத்தேன். எதிரே இருந்த சிங்கள அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். தன் மகளிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பாவம், அந்த ஆளுக்குப் பல் இல்லைபோல என்கிறாங்க." உடனே இறாலை எடுத்துக் கடித்துக் காட்டினேன்.

ஹட்டனில் இறங்கி பஸ் பிடித்தேன். நம் துறையூர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டி ஏறும், இங்கே லீக்ஸ் ஏறுகிறது. வெங்காயத் தாள் ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்து, மணிக்கட்டு அளவு பருத்தால் எப்படி இருக்கும், அதுதான் லீக்ஸ். என் மடியில் ஒரு கட்டும், காலடியில் இரண்டு கட்டுமாக வைத்துவிட்டு, வைத்தவர் பின்னால் போய்த் தூங்கிவிட்டார்.

பாதி வழியில் ஒரு வளைவில் எங்கள் பஸ்ஸும் எதிரே வந்த பஸ்ஸும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டன. ஒன்று பின்னால் போனால்தான் மற்றது நகர முடியும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்றார் எங்கள் டிரைவர். இறங்குகிற வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது, அதனால் தனக்குத்தான் வழி என்றார் எதிர் பஸ் டிரைவர். எங்கள் பஸ்ஸில் நாற்பது பேரும் எங்கள் டிரைவர் சொல்வதே நியாயம் என்றார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. எதிர் பஸ்ஸில் நாற்பது பேரும் ஜன்னலில் தலையை நீட்டி அந்த டிரைவருக்கு நியாயம் சொன்னார்கள். நானும் மடியில் லீக்ஸோடு எழுந்து நின்று, "ஏறுற வண்டிக்குத்தானே வழி விடணும்!" என்று கத்தினேன். கத்திவிட்டு உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு மலைப் பாதையின் சட்டம் எதுவும் தெரியாது. அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்திருந்தால் அந்த நியாயத்தைத்தான் கத்தியிருப்பேன். கடைசியில் எதிர் பஸ் பின்வாங்கியது. எங்கள் நியாயத்துக்காக இல்லை, அந்த டிரைவருக்கு போன் வந்தது, பேசுவதற்கு ஓரம் வேண்டியிருந்தது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வாசலிலும் இரண்டு கோப்பை தேநீர் தயாராக நின்றது. ஒன்றை நீட்டியது சிவலிங்கத்தின் மனைவி செல்வி, மற்றது பாக்கியம். பால் இல்லாத வெறும் சாயம். சீனியை உள்ளங்கையில் தருகிறார்கள், ஒரு நக்கு, ஒரு மிடறு. இரண்டு கையிலும் கோப்பை, சீனியை எங்கே வாங்குவது? வாயைத் திறந்துவிட்டேன்.

சிவலிங்கம் த்ரீவீலர் ஓட்டுகிறான். சுமாரான உயரம், தாராளமான வயிறு. லயத்து ஆட்களைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன். இந்தியாவுல பெரிய சர்வேயர்" என்று அறிமுகப்படுத்தினான்.

"சர்வேயர் இல்லப்பா, சர்வேயருக்கு டேப் பிடிக்கிறவன்" என்றேன்.

"பாத்தீங்களா, எம்புட்டு அடக்கம்!" என்றான் அவன்.

பெட்டியில் டேப் இருந்ததும் உண்மை. அது இல்லாமல் எங்கே போனாலும் எனக்கு இடுப்பில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் திவசம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அண்ணனும் தங்கையும் என் வழியாகத்தான் பேசினார்கள்.

"பெரியண்ணே, எலைய கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள் பாக்கியம், அவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"அண்ணே, தள்ளியாச்சுன்னு சொல்லிருங்க" என்பான் அவன்.

சண்டைக்குக் காரணம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டம். சித்தி ஆண்டது. நீளவாக்கில் மலையில் ஏறுகிறது. கீழ்ப் பாதி சமதரை, பக்கத்திலேயே பீலி இருக்கிறது, அதாவது மலைத் தண்ணீர் குழாய் மாதிரி விழும் இடம். மேல் பாதி செங்குத்து. இரண்டு பக்கமும் ஆள் இறங்க முடியாத ஆழத்துக்குக் கான் வெட்டியிருக்கிறார்கள், கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். உச்சியில் தேயிலைத் தோட்டத்து முள்கம்பி வேலி. யார் முதலில் மண்வெட்டி வைத்தாலும் மற்றவர் வந்து குறுக்கே நின்றுவிடுவதால் ஒரு வருடமாகப் புல் மட்டும் நன்றாக விளைந்திருந்தது.

பாக்கியம் என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு இரண்டு சாக்கைத் திறந்து காட்டினாள். விதைக்கான உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு முளை. தேயிலை பறித்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கியிருக்கிறாள்.

"இந்த வாரத்துல மண்ணுக்குள்ள போகணும் பெரியண்ணே. போகலன்னா அம்புட்டும் அழுகிரும். மகள ஹட்டன்ல படிக்க வெச்சிருக்கேன். இந்தக் கிழங்கு வெளைஞ்சாதான் அவ அடுத்த வருசம் அங்க இருப்பா. இல்லைன்னா என் கூட கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கு வர வேண்டியதுதான்."

அந்த முளைகளைப் பார்த்த பிறகு எனக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது. நான் நிற்கப்போவது ஐந்து நாள். அதற்குள் ஒரு கோடு விழ வேண்டும். நாம்தான் எந்தப் பக்கமும் சாயாதவர் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று மதியம் தெரிந்தது. செல்வி மூன்று தேங்காய் ரொட்டி போட்டாள், இடித்த சம்பலோடு. ஒரு ரொட்டி நம் வீட்டுச் சப்பாத்தி மூன்றுக்குச் சமம். முடித்துக் கை கழுவினால் பாக்கியம் தட்டோடு நின்றாள். அங்கே குறைத்துச் சாப்பிட்டால் சாய்ந்துவிட்டதாக ஆகும் என்று மூன்று தின்றேன். லயத்துச் சுவர் மெல்லிசு. எண்ணிக்கை அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. "மாமா, அங்க நாலாவது வாங்கினீங்களா?" என்று செல்வியின் குரல் வந்தது. "இல்லம்மா, மூணுதான்" என்றேன். "அப்ப இங்க இன்னும் ஒண்ணு இருக்கு, வாங்க" என்றாள். நாலாவது தின்றேன். பிறகு சமன் செய்ய இந்தப் பக்கம் ஒன்று. நடுநிலை மனதுக்கு வேண்டுமானால் நல்லதாக இருக்கலாம், வயிற்றுக்கு ஆகாது.

ரொட்டியோடு ரகசியமும் பரிமாறினார்கள். சிவலிங்கம் என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னான்: "கீழ்ப் பக்கம் ரொம்ப மோசம்ணே. தை மாசத்துல பனி வந்து படுத்துச்சுன்னா செடி கருகிரும். தங்கச்சி பாவம், அதுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? அத நானே வெச்சுக்கிறேன். மேல நல்ல வெயிலு விழுற எடம், அவ எடுத்துக்கட்டும்."

பத்து நிமிடம் கழித்துப் பாக்கியம் சொன்னாள்: "கீழ பனி விழும் பெரியண்ணே. அண்ணனுக்கு அதெல்லாம் தாங்காது. கீழ நான் எடுத்துக்கிறேன். நல்ல வெயிலு எடத்த அவருக்கே குடுத்துருங்க."

இரண்டு பேரும் மோசமான பாகத்தைத் தங்களுக்கே கேட்டு ஒரு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தியாகிகளை நான் துறையூர் தாலுகாவில் பார்த்ததில்லை. எது நல்ல மண் என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேரும் சொல்லப்போவதில்லை. சரி, மனிதர்களை விடு, டேப்பைக் கேட்போம் என்று தோட்டத்தில் இறங்கினேன். லயமே வந்து நின்றது.

கீழிருந்து மண்ணோடு மண்ணாக டேப்பை இழுத்துக்கொண்டு போனேன். மொத்தம் நூற்றிருபது அடி. பாதி அறுபது. முளைக்குச்சியைக் கையில் எடுத்தேன்.

"பெரியண்ணே, டேப்ப மட்டமா பிடிச்சு அளக்கணும்" என்றாள் பாக்கியம். "மலைய அளக்கிறப்ப சரிவோட சேத்தா அளப்பாங்க?"

நம் ஊர் வயல் தட்டு மாதிரி இருக்கும். டேப்பை எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான். இங்கே மட்டமாகப் பிடித்து, நூல் குண்டு விட்டு இறக்கி, படிப்படியாக அளந்தால் மொத்தமே நூற்றாறு அடிதான் வந்தது. பாதிக் கோடு கீழே இறங்கியது. அதாவது சரிவோடு அளந்தால் கீழ்ப் பாகம் பெரிசு, மட்டமாக அளந்தால் மேல் பாகம் பெரிசு. இருபத்திரண்டு வருடத்தில் என் டேப் இரண்டு பதில் சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

"கிழங்க மண்ணுலதானே நடுறோம்? அந்தரத்துலயா நடுறோம்?" என்றான் சிவலிங்கம். "மண்ணுல போட்டு அளக்கிறதுதாண்ணே நாயம்."

"மட்டந்தான் சட்டம்" என்றாள் அவள்.

இருவர் முகத்திலும் அப்படி ஒரு சத்தியம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சரி, ஒரு பேச்சுக்கு, கீழ்ப் பக்கம் பாக்கியத்துக்குன்னு வெச்சுக்குவோம்" என்றேன்.

"அப்ப மட்டமாத்தாண்ணே பிடிக்கணும்" என்றான் சிவலிங்கம். மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை.

"அதெப்படி? மண்ணுலதானே நடுறோம்!" என்றாள் பாக்கியம்.

லயத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை, பிள்ளைகளே, அதுதான் விசேஷம். இரண்டு வாதமும் சரியான வாதம். எந்தச் சரி தனக்கு உதவுமோ அது அந்த நேரத்தில் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். முகில் சொன்னதுதான் ஜெயிக்கும் போலிருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் பாக்கியம், "பெரியண்ணே, எங்க கூட மலைக்கு வாங்க. கொழுந்து பறிக்கிறத பாத்துட்டு பிள்ளைகளுக்குப் போட்டோ எடுத்துட்டுப் போங்க" என்றாள். நீங்கள் பார்த்த போட்டோ எல்லாம் அன்று எடுத்ததுதான். என் காலில் கறுப்பாக இருப்பது சாக்ஸ் இல்லை, அட்டை. ஏழு அட்டை. ஒரு பெண் சோப்புக் கட்டியைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தியா ரத்தம், நல்லா இனிப்பா இருந்திருக்கும்." அவளுக்கு என் சர்க்கரை விஷயம் எப்படித் தெரிந்ததோ.

முதலில் பெரட்டு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பிறகு மலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் பறிக்க ஒரு பங்குச் செடி, அதை நெரை என்கிறார்கள். எல்லா நெரையும் ஒன்று போல இருக்காது. ஒன்றில் கொழுந்து தளதளவென்று இருக்கும், ஒன்றில் கிழட்டுச் செடி, ஒன்று பள்ளத்தில். யாருக்கு எது என்பதில்தான் அன்றைக்குப் பறிக்கும் கொழுந்தின் நிறை இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் மேற்பார்க்கும் கங்காணி அதில் தலையிடுவதில்லை. பெண்களே பிரித்துக்கொள்கிறார்கள். அன்று ஒருத்தி குச்சியோடு முன்னால் போய், செடிகளைப் பார்த்துப் பார்த்து எண்ணி, பத்து இடத்தில் குச்சி நட்டாள். கிழட்டுச் செடி இருந்த பக்கம் நீளமாக விட்டாள், நல்ல செடிப் பக்கம் குறுக்கினாள். அவ்வளவு கவனம்.

"இம்புட்டுப் பாத்துப் பாத்து பிரிக்கிறாளே" என்றேன்.

"பாக்காம பின்ன? பிரிக்கிறவ கடைசியா நிக்கணும்" என்றாள் பாக்கியம், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே. "நாங்க ஒவ்வொருத்தியா புடிச்சத எடுத்த பொறவு மிச்சம் இருக்கிறதுதான் அவளுக்கு. நாளைக்கு வேற ஒருத்தி பிரிப்பா."

எனக்குள் பல்பு எரிந்தது. அவள் யாருக்கும் பாவம் பார்க்கவில்லை. தனக்கு மோசமானது வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவ்வளவு நேர்மையாக அளக்கிறாள். சுயநலத்தைக் கொண்டே நடுநிலையைச் செய்ய வைத்துவிட்டார்கள்! கயலும் சரி, முகிலும் சரி! தேயிலைக்கு நடுவில் நின்று இதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று சாயங்காலமே இருவரையும் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். சிவலிங்கம் பிரிக்க வேண்டியது. பாக்கியம் முதலில் எடுக்க வேண்டியது. மிச்சம் அவனுக்கு.

"பெரியண்ணன் சொன்னா சரிதான்" என்று பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு அடக்கமாக அவளை நான் அதற்கு முன் பார்க்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

நான்காம் நாள் சிவலிங்கம் த்ரீவீலரை எடுக்கவில்லை. ஒரு கயிறும் இரண்டு முளையுமாகத் தோட்டத்தில் இறங்கினான். முதலில் நடுவில் கட்டினான். சற்று நேரம் பார்த்தான். "இப்படி விட்டா அவ கீழதான் எடுப்பா" என்று முணுமுணுத்துவிட்டு, கீழ்ப் பாகத்தைச் சுருக்கிக் கயிற்றை ஐந்து அடி கீழே இறக்கினான். பீலியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறினான். பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்தான். மேலே போனதும், "இங்க எவன் தண்ணி சுமப்பான்?" என்று கத்திவிட்டு, இறங்கி வந்து இன்னும் ஐந்து அடி கீழே இறக்கினான். மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்தான். நாக்கில் வைத்துத் துப்பினான். கல்லை எண்ணினான். பனி எது வரைக்கும் படுக்கும் என்று லயத்தில் ஒவ்வொருவரையும் கேட்டான். எனக்கு மேல் இருக்கும் சர்வேயர்கூட ஒரு நிலத்தை இப்படிப் பார்த்ததில்லை.

செல்வி வாசலில் நின்று, "உங்கம்மா இருந்தப்ப ஒரு நாளு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா?" என்றாள்.

"அப்ப பாக்க வேண்டிய அவசியம் இல்ல" என்றான்.

பொழுது சாயும்போது கயிறு கீழிருந்து முப்பத்தெட்டாவது அடியில் நின்றது. மேலே எண்பத்திரண்டு. வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணே, இப்ப எதைக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றான். எனக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனை இவ்வளவு நியாயவானாக ஆக்கிவிட்டேனே!

ஐந்தாம் நாள் காலை. வானம் கறுத்திருந்தது. லயத்து ஆட்கள் மறுபடி கூடினார்கள். பாக்கியம் வந்தாள், கயிற்றைப் பார்த்தாள். நாள் முழுக்க அவன் யோசித்ததை அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மேல" என்றாள்.

சிவலிங்கம் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு, ஒரு வருடத்தில் முதல் தடவையாக, நேராக அவளைப் பார்த்துக் கேட்டான்: "என்னாது? கீழ வேணும் கீழ வேணும்னு ஒரு வருசமா உசுர வாங்கினியே!"

"நான் மேல வேணும்னு கேட்டிருந்தா நீ என்னா கேட்டிருப்ப?"

அவன் யோசித்தான். "மேலதான் கேட்டிருப்பேன்" என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

"அம்மா கூட அந்தச் சரிவுல இருவது வருசம் நின்னவ நான். பனி படுக்கிற எடமும் தெரியும், படுக்காத எடமும் தெரியும். எண்பது அடிய அள்ளிக் குடுத்திருக்க. நல்லா இருண்ணே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலைக்கு வாங்க, போட்டோ எடுங்க என்று என்னைக் கூப்பிட்டது யார்? நெரை பிரிக்கும் முறையை எனக்குச் சொன்னது யார்? நான் கண்டுபிடித்ததாக நினைத்ததை அவள் எனக்கு ஊட்டிவிட்டிருக்கிறாள், நாலாவது ரொட்டி மாதிரி. நான் சாயவே இல்லை. அவள்தான் தரையைச் சாய்த்துவிட்டாள்.

சிவலிங்கம் தோட்டத்தைக் கீழிருந்து மேல் வரை ஒரு தடவை பார்த்தான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. "சரி, மேல எடுத்துக்க. எப்படிப் போவ?"

எல்லோரும் தோட்டத்தைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கான். உச்சியில் முள்கம்பி. மேலே போக ஒரே வழி கீழ்ப் பாகத்தின் ஊடாகத்தான். இருபத்திரண்டு வருடமாக டேப் பிடிக்கிறேன். எந்த நிலத்தைப் பிரித்தாலும் சர்வேயர் முதலில் கேட்பது "பாதை எங்கே?" என்றுதான். ஐந்து நாளில் எனக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. லயத்து ஆட்கள் இந்தியாவின் பெரிய சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வரும் போலிருந்தது.

பாக்கியம் வீட்டுக்குள் போய் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து அண்ணன் காலடியில் வைத்தாள்.

"முழுத் தோட்டத்துக்குன்னு வாங்கின விதை. என் பக்கத்துக்குப் போக இது மிச்சம். உன்கிட்ட ஒரு கிழங்கு கெடையாது. நுவரெலியா போயி தேடி வாங்கிட்டு வாறதுக்குள்ள மழை முடிஞ்சிரும். நீ வழி விடு, நான் விதை விடுறேன்."

அவன் சாக்கைத் திறந்து பார்த்தான். முளைகளை விரலால் தொட்டான். உள்ளே இருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பாக்கியம், இத நீ பாசத்துல குடுக்கிறியா, காரியத்துக்குக் குடுக்கிறியா?" என்று கேட்டேன். கயலுக்கு எந்தப் பக்கம் பேசச் சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்க எங்க லயத்துல எடம் இல்ல பெரியண்ணே" என்றாள்.

சிவலிங்கம் சாக்கைக் கட்டினான். "எம்புட்டு அகலம் வேணும் வழிக்கு?"

நான் டேப்பை எடுத்தேன். பாக்கியம் கையைக் காட்டித் தடுத்தாள். "அத வைங்க. அது ஆளுக்கு ஒண்ணு சொல்லும். எதுத்தாப்புல ரெண்டு பேரு சாக்கோட வந்தா, ஒருத்தர் கான்ல விழாம தாண்டிப் போகணும். அதான் அகலம். நீயும் நானும் நிப்போம்."

இருவரும் முதுகில் ஆளுக்கொரு சாக்கை ஏற்றிக்கொண்டு, கானின் ஓரத்தில் வயிறு பார்த்து வயிறு வைத்து நின்றார்கள். கானை ஒட்டிப் பாக்கியம், தோட்டத்துப் பக்கம் சிவலிங்கம். அவன் சாக்கு முடிகிற இடத்தில் நான் முளை அடிக்க வேண்டும். வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு மண் அவன் பாகத்தில் போகும். சிவலிங்கம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய வயிறு எங்கே போனதென்றே தெரியவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, "அடிங்கண்ணே, சீக்கிரம்" என்று பல்லிடுக்கில் சொன்னான்.

நான் சுத்தியலை ஓங்கிக்கொண்டு யோசித்தேன். இப்போது இருக்கும் அளவுதான் கண்ணுக்குத் தெரிகிற அளவு. ஆனால் இது உண்மையான அளவு இல்லை என்று எனக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும். பாக்கியம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரம் இல்லை.

"ஐயோ, மூச்ச விடுங்க!" என்று செல்வி வாசலிலிருந்து கத்தினாள். "ஒரு அடி மண்ணுக்காக செத்துக் கித்துப் போயிராதீங்க!"

அவன் மூச்சை விட்டான். வயிறு வந்தது, சாக்கு பின்னால் நகர்ந்தது. அது வந்து நின்ற இடத்தில் நான் முளையை அடித்தேன்.

லயமே மண்வெட்டியோடு இறங்கிப் புல்லை வெட்டிக் கிளறிக் கொடுத்ததில் மதியத்துக்குள் இரண்டு சாக்கும் காலியாகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. கடைசி வரிசையை மூடிவிட்டு மேலிருந்து பாக்கியம் இறங்கி வந்தாள். கீழிருந்து சிவலிங்கம் மண்வெட்டியோடு வந்தான். புது வழியின் நடுவில் இருவரும் எதிரெதிரே வந்ததும், அவன் தன்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒதுங்கினான்.

"இப்ப எதுக்குண்ணே?" என்றாள் அவள். "அதான் எடம் விட்டாச்சே."